லேகிங் வேலை செய்த அப்பாவுக்குச் சிறுநீரகப் புற்றுநோய்: ஆஸ்பெஸ்டாஸ்தான் காரணமா?

கேட்கப்பட்ட கேள்வி இது: "அப்பாவுக்கு 66 வயது. 1980களிலிருந்து ஏறத்தாழ 25 ஆண்டுகள் கான்ட்ராக்டர்களிடம் பாய்லர் லேகிங் வேலை (சூடு வெளியேறாமல் பாய்லரிலும் குழாயிலும் காப்புப் பொருள் சுற்றுவது), பெரும்பாலும் அனல் மின் நிலையங்களில். வலது சிறுநீரகத்தில் புற்றுநோய் என்று சொல்லி, அந்தச் சிறுநீரகத்தையே அண்மையில் எடுத்துவிட்டார்கள். கூட வேலை செய்தவர்கள் 'எல்லாம் அந்த ஆஸ்பெஸ்டாஸ் தூசிதான்' என்கிறார்கள். டாக்டரோ சம்பந்தமே இல்லை என்கிறார். யார் சொல்வது சரி? இழப்பீடு கேட்க வழி உண்டா? வீட்டில் மற்றவர்களும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டுமா?"

தொழில்சார் நோய்களைப் பார்க்கும் மருத்துவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். சம்பந்தமே இல்லை என்று ஒரேயடியாக மறுக்க முடியாது. எல்லாம் அந்தத் தூசிதான் என்று உறுதியாகச் சொல்லவும் ஆதாரம் போதாது. கல்நார் எனப்படும் ஆஸ்பெஸ்டாஸுக்கும் சிறுநீரகப் புற்றுநோய்க்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்ற சந்தேகம் 40 ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறது. அது இன்றுவரை நிரூபணமாகவில்லை. ஆனால் உங்கள் அப்பாவைப் பொறுத்தவரை, சிறுநீரகத்தை விட அவசரமாகப் பார்க்க வேண்டிய ஓர் உறுப்பு உண்டு. அது நுரையீரல். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

முதலில் சந்தேகம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். அதன் மையத்தில் இருப்பவர்களே உங்கள் அப்பாவைப் போன்ற லேகிங் தொழிலாளர்கள்தான். நியூயார்க் மவுண்ட் சைனாய் மருத்துவமனையைச் சேர்ந்த இர்விங் செலிகாஃப் என்ற மருத்துவர், அமெரிக்காவிலும் கனடாவிலும் தொழிற்சங்கத்தில் பதிந்திருந்த சுமார் 17,800 வெப்பக்காப்புத் தொழிலாளர்களை 1967 தொடங்கித் தொடர்ந்து கண்காணித்தார். குழாய்க்கும் பாய்லருக்கும் கல்நார்ப் போர்வை சுற்றியவர்கள் அவர்கள். முதல் 10 ஆண்டுகளில் 2,271 பேர் இறந்தார்கள். நுரையீரல் புற்றுநோயால் இறந்தவர்கள், அதே வயதுடைய பொதுமக்களை வைத்துக் கணக்கிட்ட எண்ணிக்கையைப் போல் 4 மடங்குக்கு மேல். சிறுநீரகப் புற்றுநோயில் சுமார் 8 மரணங்கள் எதிர்பார்க்கப்பட்டன. நடந்தவை அதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

இந்த ஆய்வை நான் மதிப்பதற்குக் காரணம், செலிகாஃப் குழுவினர் இறப்புச் சான்றிதழை மட்டும் நம்பவில்லை. பிரேதப் பரிசோதனை அறிக்கை, அறுவைக் குறிப்பு, திசுத் துண்டு என்று கிடைத்ததையெல்லாம் தேடிப்பிடித்து ஒவ்வொரு மரணத்தையும் மறுபடி வகைப்படுத்தினார்கள். அப்படிச் செய்தபோது கணையப் புற்றுநோய் என்று எழுதப்பட்டிருந்த பல மரணங்கள் உண்மையில் வேறு புற்றுநோய்கள் என்று தெரிந்தது. கணையத்தில் தெரிந்த அதிகரிப்பு பெருமளவு கரைந்துபோனது. சிறுநீரகத்தின் எண்ணிக்கையோ அப்படிச் சலித்தெடுத்த பிறகும் குறையவில்லை. பின்னால் 1980களில், அமெரிக்காவில் ஆஸ்பெஸ்டாஸ் பொருள் தயாரித்து ஓய்வு பெற்ற தொழிலாளர்களை ஆராய்ந்த ஃபிலிப் என்டர்லைன் குழுவும் சிறுநீரகப் புற்றுநோய் மரணங்கள் கூடுதலாக இருப்பதைக் கண்டது. இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்து, தொடர்பு உண்மைதான் என்று வாதிட்ட கட்டுரைகள் 1980களின் இறுதியில் வெளிவந்தன.

அடுத்த கட்டத்தில் படம் மங்கியது. பல நாடுகளின் தொழிலாளர் குழுக்களை ஒன்றுசேர்த்து சாலி, போஃபெட்டா என்ற இருவர் 2000இல் வெளியிட்ட தொகுப்பாய்வில் மொத்த அதிகரிப்பு சுமார் 1.1 மடங்குதான். அது தற்செயலாகவே வரக்கூடிய அளவு. ஆஸ்திரேலியா, டென்மார்க், ஜெர்மனி, சுவீடன், அமெரிக்கா ஆகிய 5 நாடுகளில் சிறுநீரகப் புற்றுநோயாளிகளையும் நோயில்லாதவர்களையும் ஒப்பிட்டு 1995இல் வெளியான பெரிய ஆய்வில், ஆஸ்பெஸ்டாஸோடு வேலை செய்தவர்களுக்கு 1.4 மடங்கு ஆபத்து தெரிந்தது. அதே ஆய்வில் காட்மியம் என்ற உலோகத்துக்கு 2 மடங்கு.

உலக சுகாதார அமைப்பின் கீழ் இயங்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் இதில் என்ன சொல்கிறது? மீசோதீலியோமா (நுரையீரலையும் வயிற்றையும் சுற்றியுள்ள உறையில் வரும் புற்றுநோய்), நுரையீரல், குரல்வளை, சினைப்பை ஆகிய புற்றுநோய்களுக்கு ஆஸ்பெஸ்டாஸ் காரணம் என்பதற்குப் போதிய சான்று உண்டு என்று 2012 தொகுதியில் எழுதியிருக்கிறது. தொண்டை, இரைப்பை, பெருங்குடல் ஆகியவற்றில் தொடர்பு தென்படுகிறது, ஆனால் உறுதியில்லை என்கிறது. சிறுநீரகம் இந்த இரண்டு பட்டியல்களிலும் இல்லை. உங்கள் டாக்டர் மறுப்பதற்கு இதுதான் அடிப்படையாக இருக்க வேண்டும்.

ஆனால் பட்டியலில் இல்லை என்றால் தொடர்பே இல்லை என்று அர்த்தமாகிவிடாது. இந்த விஷயத்தைக் கண்டுபிடிப்பது ஏன் இவ்வளவு கடினம் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். சிறுநீரகப் புற்றுநோய் அரிது. ஆயிரம் தொழிலாளர்களை 20 ஆண்டுகள் பின்தொடர்ந்தாலும் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் நோயாளிகள் கிடைப்பார்கள். அதை வைத்து ஒரு சிறிய அதிகரிப்பை நிறுவ முடியாது. இரண்டாவது, பெரும்பாலான ஆய்வுகள் மரணத்தை எண்ணுகின்றன. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து அறுவை செய்தவர்கள் பிழைத்துக்கொள்கிறார்கள், அவர்கள் கணக்கில் வருவதே இல்லை. மூன்றாவது, ஆஸ்பெஸ்டாஸ் தூசியை நிறையச் சுவாசித்தவர்களில் பலர், சிறுநீரகத்தில் நோய் வரக்கூடிய வயதை எட்டும் முன்பே நுரையீரல் நோயில் போய்விடுகிறார்கள். மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இந்த வேலைகளில் இருந்தவர்களிடம் புகைப்பழக்கம் அதிகம். புகைபிடித்தல் தானாகவே சிறுநீரகப் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும். 1.4 மடங்கில் ஒரு பகுதி ஆஸ்பெஸ்டாஸுக்கு உரியதா பீடி சிகரெட்டுக்கு உரியதா என்று முழுமையாகப் பிரிப்பது எளிதல்ல.

நுரையீரலில் போன தூசி சிறுநீரகத்துக்கு எப்படிப் போகும் என்று சிலர் கேட்பார்கள். போகும். மூச்சோடு போகும் நாரில் ஒரு பகுதி சளியோடு மேலே வந்து விழுங்கப்படுகிறது. மிக நுண்ணிய நார்கள் நிணநீர், ரத்தம் வழியாகவும் பரவுகின்றன. அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரியில் ஓர் இரும்புத்தாது ஆலை கழிவைக் கொட்டியதால், டுலூத் நகரத்துக் குடிநீரில் ஆஸ்பெஸ்டாஸ் போன்ற நார்கள் கலந்திருந்தன. அந்த நீரைக் குடித்தவர்களின் சிறுநீரில் அதே நார்கள் இருந்ததை 1979இல் சயன்ஸ் இதழில் வெளியான ஆய்வு காட்டியது. குடலைக் கடந்து, ரத்தத்தில் கலந்து, சிறுநீரக வடிகட்டியையும் தாண்டி வெளியே வந்திருக்கின்றன. நார் அங்கே போய்ச் சேர முடியும் என்பதற்கு இது சான்று. போய்ச் சேர்ந்த நார் அங்கே புற்றுநோயை உண்டாக்குகிறது என்பதற்கு இது சான்று அல்ல.

உங்கள் அப்பா விஷயத்துக்கு வருகிறேன். முதலில் திசுப் பரிசோதனை அறிக்கையை எடுத்துப் பாருங்கள். 'ரீனல் செல் கார்சினோமா', அதிலும் 'கிளியர் செல்' வகை என்று இருந்தால், அது சிறுநீரகச் சதையில் தோன்றியது. மேலே சொன்ன ஆய்வுகள் பெரும்பாலும் இதைப் பற்றியவைதான். 'யூரோதீலியல்' என்று இருந்தால் அது சிறுநீரகத்துக்குள் சிறுநீர் சேரும் பகுதியின் உட்தோலில் வந்தது. இதற்குக் காரணங்களே வேறு: புகைப்பழக்கம், சில சாயத் தொழில் ரசாயனங்கள், அரிஸ்டலோகியா இனச் செடிகள் சேர்ந்த மூலிகை மருந்துகள். இரண்டையும் குழப்பிக்கொண்டால் பிற்பாடு எந்த வாதமும் நிற்காது.

அடுத்து, அவர் கையாண்டது உண்மையில் ஆஸ்பெஸ்டாஸ்தானா என்று உறுதி செய்ய வேண்டும். லேகிங் என்றாலே ஆஸ்பெஸ்டாஸ் என்று நினைத்துவிடாதீர்கள். காலப்போக்கில் பல இடங்களில் ராக்வுல், கிளாஸ் வுல், கால்சியம் சிலிகேட் கட்டிகள் வந்துவிட்டன. அப்பாவை நிதானமாக உட்காரவைத்துக் கேளுங்கள். கம்பளி போன்ற பொருளைத் தொட்டபோது கையும் கழுத்தும் அரித்துத் தடித்தது என்றால், அது பெரும்பாலும் கிளாஸ் வுல். வால்வு, மேன்ஹோல் கதவு ஓரங்களில் வெள்ளைக் கயிறு அடைத்தாரா? சாம்பல் நிறத் துணியில் மெத்தை தைத்து ஃபிளேஞ்சின் மேல் கட்டினாரா? மூட்டைப் பொடியை டிரம்மில் கொட்டித் தண்ணீர் விட்டுக் கையாலேயே பிசைந்து குழாய் வளைவில் பூசினாரா? இவை ஆமென்றால் ஆஸ்பெஸ்டாஸ் என்று எடுத்துக்கொள்ள நல்ல காரணம் இருக்கிறது.

எல்லாவற்றையும் விட முக்கியமான கேள்வி, பராமரிப்புக்காக நிலையத்தை நிறுத்தும் ஷட்டவுன் நேரத்தில் பழைய லேகிங்கைப் பிரித்தாரா என்பது. புதிதாகப் பூசும்போது பொருள் ஈரமாக இருக்கும். ஆண்டுக்கணக்கில் சூட்டில் வெந்து உலர்ந்துபோன பழைய பூச்சைச் சுத்தியலால் தட்டி, கடப்பாரையால் நெம்பி எடுக்கும்போதுதான் தூசி கிளம்பும். மூடிய பாய்லர் கூடத்தில், கீழே வெல்டரும் ஃபிட்டரும் நின்றுகொண்டிருக்க, மேல் தளத்திலிருந்து அது மாவு போல இறங்கும். கண்ணுக்குத் தெரிகிற தூசி சீக்கிரம் படிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத நார் காற்றில் மணிக்கணக்கில் மிதக்கும். முகத்தில் கட்டிய துண்டு அதைத் தடுக்காது. அமெரிக்காவில் 1994 முதல் வேலையிடக் காற்றில் ஒரு கனசென்டிமீட்டருக்கு 0.1 நார்தான் அனுமதி. உலர்ந்த லேகிங்கைப் பிரிக்கும் வேலையில் அந்த அளவைப் பல மடங்கு தாண்டிவிடும்.

அதே இடத்தில் வேறு எதெல்லாம் இருந்தது என்றும் கேளுங்கள். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். சிறுநீரகப் புற்றுநோய்க்கு உறுதியான தொழிற்காரணி என்று சர்வதேச நிறுவனமே ஏற்றுக்கொண்டது டிரைகுளோரோஎத்திலீன். இயந்திர பாகங்களில் எண்ணெய்ப் பிசுக்கு நீக்கப் பயன்படும், இனிப்பு வாசனை வீசும் திரவம் அது. வொர்க்‌ஷாப்பில் ஒரு தொட்டியில் பாகங்களை முக்கி எடுப்பது, துணியில் நனைத்துத் துடைப்பது என்று அப்பா செய்திருந்தால், ஆஸ்பெஸ்டாஸை விட அது வலுவான வாதம். வெள்ளி கலந்த பற்றவைப்புக் கம்பியிலிருந்து வரும் காட்மியப் புகையும் கவனிக்கத்தக்கது. தொழிலுக்கு வெளியே புகைப்பழக்கம், உடல் பருமன், பல ஆண்டு ரத்தக்கொதிப்பு ஆகிய மூன்றும் சிறுநீரகப் புற்றுநோய்க்கு நன்கு நிறுவப்பட்ட காரணிகள். டாக்டரிடமோ வக்கீலிடமோ இவற்றை மறைக்க வேண்டாம். மறைத்தால் எதிர்த்தரப்பு முதல் நாளே கண்டுபிடித்துவிடும்.

இப்போது நுரையீரல். சிறுநீரகத்தில் புற்றுநோய் என்றால், அது பரவியிருக்கிறதா என்று பார்க்க நெஞ்சுக்கும் சி.டி. ஸ்கேன் எடுப்பது வழக்கம். உங்கள் அப்பாவுக்கும் எடுத்திருப்பார்கள். அந்த ஸ்கேனைப் படித்தவர் கட்டி பரவியிருக்கிறதா என்ற ஒரு கேள்வியோடுதான் பார்த்திருப்பார். அதே படத்தை மறுபடி ஒரு கதிரியக்க மருத்துவரிடம் கொடுத்து, "இவர் பல ஆண்டு ஆஸ்பெஸ்டாஸ் லேகிங் வேலை செய்தவர், நுரையீரல் உறையிலும் உதரவிதானத்திலும் ப்ளூரல் பிளேக் இருக்கிறதா, அடிப்பகுதியில் தழும்பு இருக்கிறதா என்று குறிப்பாகப் பாருங்கள்" என்று எழுதிக் கேளுங்கள். ப்ளூரல் பிளேக் எனப்படும், நுரையீரல் உறையில் சுண்ணாம்பு படிந்த அந்தத் தகடுகள் தாமாக ஆபத்தில்லாதவை. ஆனால் இருபக்கமும் அவை தெரிந்தால், முன்னாளில் ஆஸ்பெஸ்டாஸைச் சுவாசித்தவர் என்பதற்கு உடம்பே தரும் சாட்சி அது. கான்ட்ராக்டர் ரெஜிஸ்டர் காணாமல் போகலாம், இந்தத் தழும்பு போகாது. புதிதாக ஸ்கேன் எடுக்கக்கூடத் தேவையில்லை, ஏற்கெனவே எடுத்த சி.டி.யே போதும்.

நுரையீரலை வலியுறுத்த இன்னொரு காரணமும் உண்டு. ஆஸ்பெஸ்டாஸ் நோய்கள் 20, 30, 40 ஆண்டுகள் கழித்துத்தான் தலைகாட்டும். 1980களில் தொடங்கியவர் இப்போதுதான் அந்தக் காலத்துக்குள் இருக்கிறார். அவர் புகைப்பவராக இருந்தால் இன்றே நிறுத்த வேண்டும். செலிகாஃப் குழுவே 1979இல் வெளியிட்ட கணக்கில், இரண்டும் இல்லாதவரோடு ஒப்பிட்டால் நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் ஆபத்து ஆஸ்பெஸ்டாஸ் மட்டும் இருந்தவர்களுக்குச் சுமார் 5 மடங்கு, புகை மட்டும் இருந்தவர்களுக்குச் சுமார் 11 மடங்கு, இரண்டும் சேர்ந்தவர்களுக்கு 50 மடங்குக்கும் மேல். அந்தக் காலத்துத் தூசி அளவுக்கான எண்கள் இவை. ஆனாலும் அப்பாவோடு வேலை செய்த ஒவ்வொருவருக்கும் இதைக் கொண்டுபோய்ச் சொல்லுங்கள். சிறுநீரகத்தைப் பற்றிக் கவலைப்படும் அந்த நண்பர்களில் எத்தனை பேர் இன்னும் பீடி பிடிக்கிறார்கள் என்று பாருங்கள். அதை நிறுத்தினால் அவர்களுக்குக் கிடைக்கும் பலன் மிகப் பெரியது.

இழப்பீட்டில் உங்களுக்குப் பொய்யான நம்பிக்கை தர விரும்பவில்லை. 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணைதான் 2025 வரை நம் நாட்டில் தொழில்நோய்ப் பட்டியலுக்கு அடிப்படையாக இருந்தது. ஆஸ்பெஸ்டாசிஸ் (இந்தத் தூசியால் நுரையீரல் தழும்பேறும் நோய்), ஆஸ்பெஸ்டாஸால் வரும் நுரையீரல் புற்றுநோய், மீசோதீலியோமா ஆகியவை அதில் உண்டு. சிறுநீரகப் புற்றுநோய் இல்லை. பட்டியலில் உள்ள நோய் என்றால் வேலைக்கும் நோய்க்கும் தொடர்பு உண்டு என்று சட்டமே அனுமானித்துக்கொள்ளும். பட்டியலில் இல்லாத நோய்க்கு, நிரூபிக்கும் சுமை முழுவதும் தொழிலாளி தலையில். அங்கேதான் 1.4 என்ற எண் தடையாக வந்து நிற்கும். ஆபத்து 1.4 மடங்கு என்றால், அப்படிப்பட்ட 14 நோயாளிகளில் 10 பேருக்கு அந்தத் தூசி இல்லாமலேயே நோய் வந்திருக்கும். 4 பேருக்குத்தான் தூசியால் கூடுதலாக வந்தது. உங்கள் அப்பா அந்த 4 பேரில் ஒருவரா என்று காட்டும் எந்தப் பரிசோதனையும் கிடையாது. ஆகவே சிறுநீரகத்தை மட்டும் வைத்து வழக்குப் போட்டால் தோற்க வாய்ப்பு அதிகம். நுரையீரலில் ஆஸ்பெஸ்டாசிஸ் இருப்பது தெரிந்தால் நிலைமை அடியோடு மாறும், ஏனென்றால் அது பட்டியலில் உள்ள நோய். நுரையீரலைப் பாருங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவும் காரணம்.

உச்ச நீதிமன்றம் 1995 ஜனவரியில், நுகர்வோர் கல்வி மற்றும் ஆராய்ச்சி மையம் தொடுத்த வழக்கில் ஒரு முக்கியத் தீர்ப்பை அளித்தது. தொழிலாளியின் உடல்நலம் அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்றது. ஆஸ்பெஸ்டாஸ் தொழிலகங்கள் ஒவ்வொரு தொழிலாளியின் மருத்துவப் பதிவேட்டையும் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டுகள் அல்லது வேலையை விட்ட பின் 15 ஆண்டுகள், இதில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அகமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனம் நோய் என்று சான்றளிக்கும் தொழிலாளிக்கு ரூ. 1 லட்சம் தரவும் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் ஷீட் ஆலைகளிலும் சுரங்கங்களிலும் இருந்த நிரந்தரத் தொழிலாளிக்குக் கிடைத்த இந்தப் பாதுகாப்பு, இன்று ஒரு கான்ட்ராக்டர், அடுத்த ஷட்டவுனுக்கு வேறொரு கான்ட்ராக்டர் என்று அலைந்த லேகிங் ஆளுக்கு வந்து சேரவில்லை. அவர் பெயரில் மருத்துவப் பதிவேடு என்று ஒன்று இருந்ததே இல்லை. இந்த அநியாயம் எனக்கு ஆறவே இல்லை.

அதனால் பதிவேட்டை நீங்களே உருவாக்குங்கள். அப்பாவுக்கு நினைவு தெளிவாக இருக்கும்போதே, எந்த ஆண்டு, எந்த நிலையம், எந்த யூனிட், எந்த கான்ட்ராக்டர், என்ன பொருள், பிரிக்கும் வேலையா பூசும் வேலையா, முகக்கவசம் தந்தார்களா என்று ஒரு நோட்டில் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். பழைய கேட் பாஸ், பி.எஃப். கணக்குச் சீட்டு, இ.எஸ்.ஐ. அட்டை, மூட்டையின் மேல் பொருளின் பெயர் தெரியும் பழைய புகைப்படம் இருந்தாலும் எடுத்துவையுங்கள். கூட வேலை செய்த இரண்டு மூன்று பேரிடம் நோட்டரி முன்னிலையில் உறுதிமொழிப் பத்திரம் வாங்குவது நல்லது; அவர்களுக்கும் வயதாகிறது. அறுவை செய்த மருத்துவமனையில் திசுக் கட்டிகளையும் ஸ்லைடுகளையும் பாதுகாக்கும்படி எழுத்தில் கேளுங்கள். தொழில்நோய்ச் சான்றுக்கு, அந்த அகமதாபாத் நிறுவனத்தின் தென்மண்டல மையம் பெங்களூரில் இருக்கிறது. மனுவுக்குக் காலக்கெடு உண்டு, பழைய தொழிலாளர் சட்டங்களும் 2025இல் புதிய தொகுப்புகளாக மாறிவிட்டன. ஆகவே தொழிலாளர் வழக்குகள் நடத்தும் வக்கீலைத் தாமதமில்லாமல் பாருங்கள்.

குடும்பத்தைப் பற்றி. உங்களுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் சிறுநீரகத்துக்கென்று வழக்கமான ஸ்கேன் தேவையில்லை. 66 வயதில் ஒரே சிறுநீரகத்தில் வரும் நோய் பெரும்பாலும் பரம்பரையாக வருவதில்லை. இளவயதிலேயே வந்திருந்தாலோ, இரண்டு பக்கமும் வந்திருந்தாலோ, நெருங்கிய உறவில் இன்னொருவருக்கும் இருந்தாலோதான் மரபணு ஆலோசனை. அம்மாவின் விஷயம் வேறு. தூசி படிந்த வேலைத் துணியை இத்தனை ஆண்டுகளும் உதறித் துவைத்தவர் அவராகத்தான் இருப்பார். ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களின் வீட்டில் இருந்தவர்களுக்கும் மீசோதீலியோமா வந்ததை லண்டனில் 1965லேயே நியூஹவுஸ், தாம்சன் இருவரும் பதிவு செய்திருக்கிறார்கள். அது அரிய நோய், பயப்பட வேண்டாம். ஆனால் அம்மாவுக்கு நீங்காத மூச்சிரைப்போ ஒருபக்க நெஞ்சுவலியோ வந்தால், இந்தத் துணி துவைத்த கதையை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர் அந்தத் திசையில் யோசிக்கவே மாட்டார்.

வீட்டில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கூரை இருந்தால், உடையாமல் கிடக்கும் வரை ஆபத்து மிகக் குறைவு. அப்பாவின் வேலையோடு அதை ஒப்பிடவே முடியாது. அதை அறுப்பதும் துளைபோடுவதும் உடைப்பதும்தான் கூடாது. மாற்றுவதாக இருந்தால் தண்ணீர் தெளித்து, முழுத் தகடாக இறக்கச் சொல்லுங்கள்.

அப்பாவின் பழைய நண்பர்களுக்கும் ஒரு விஷயம் போய்ச் சேர வேண்டும். வலியில்லாமல் சிறுநீரில் ரத்தம் போனால், "உடம்பு சூடு, இளநீர் குடித்தால் சரியாகிவிடும்" என்று நம் ஊரில் விட்டுவிடுகிறார்கள். இரண்டு நாளில் அது தானாக நின்றும் விடும்; நோய் நிற்காது. 50 வயது தாண்டியவர், அதிலும் இந்த வேலை செய்தவர் என்றால், ஒரே ஒரு முறை ரத்தம் தெரிந்திருந்தாலும் சிறுநீர்ப் பரிசோதனையும் வயிற்று அல்ட்ராசவுண்டும் அதே வாரத்தில் செய்தாக வேண்டும். அரசு மருத்துவமனையிலேயே செய்துகொள்ளலாம்.

உங்கள் அப்பாவுக்கு இப்போது ஒரு சிறுநீரகம்தான் இருக்கிறது. மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் தானாக வாங்கிப் போடும் வலி மாத்திரைகளை அவர் நிறுத்த வேண்டும். ரத்த அழுத்தமும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று ரத்தத்தில் காட்டும் கிரியேட்டினின் அளவும் தவறாமல் பார்க்கப்பட வேண்டும். மறு பரிசோதனை ஸ்கேன் எப்போது என்று டாக்டர் குறித்துக் கொடுத்திருப்பார். அதற்குப் போகும்போது நெஞ்சு சி.டி.யின் படத்தை, அறிக்கை மட்டுமல்ல, படத்தையே, கணினி வட்டில் வாங்கி வந்துவிடுங்கள். அதில் ப்ளூரல் பிளேக் பற்றி என்ன எழுதிக் கொடுத்தார்கள் என்று தெரிந்ததும் எழுதுங்கள். அடுத்து என்ன செய்வது என்பதை அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.